மூன்று ஆண்டுச் சீட்டு

(காரைக்குடியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் செப்பம் செய்யப்பட்டது.)



எனக்குத் தரப்பட்ட தலைப்பு, பணியாளரை ஈர்ப்பதற்கும் தக்கவைப்பதற்குமான புதிய சலுகைகள் என்பது. நான் பொருளாதார வரலாறு படிப்பிக்கிறவன். புதியதைப் பேச வேண்டுமானால் பழைய கணக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் பேசத் தெரியும். அதற்கு இந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

நேற்று ஆத்தங்குடியில் ஒரு தரைப் பூங்கல் பட்டறைக்குப் போயிருந்தேன். கண்ணாடியின்மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டுக் கையை லேசாக ஒரு சுழற்றுச் சுழற்றினார் ஒரு பெரியவர். பூ விரிந்தது. பக்கத்துப் பலகை காலியாக இருந்தது. "அங்கே உட்கார்ந்தவன் சிங்கப்பூர் போயிட்டான் சார். அதுக்கு முன்னால இருந்தவன் திருப்பூர் போனான். கை பழகுற நேரத்துல கிளம்பிடுறாங்க" என்றார் பட்டறைக்காரர். பழைய வீட்டை விடுதியாக்கி நடத்தும் ஒருவரும் இதையேதான் சொன்னார். அவருக்குச் சமையலுக்கு ஆள் நிற்பதில்லை. சம்பளத்தைக் கூட்டினேன், தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுத்தேன், இன்னும் என்ன செய்ய என்று கேட்டார். இந்த உரை அந்த இருவருக்குமான பதில்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். சலுகைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வேலை செய்பவரின் கையில் சேர்ந்து, அவர் எங்கே போனாலும் கூடப் போவது. மற்றொன்று, முதலாளியின் கையிலேயே நின்று, அவர் கிளம்பினால் அழிந்துபோவது. முதல் வகை ஆளைத் தங்க வைக்கும். இரண்டாம் வகை ஆளைப் பிடித்து வைக்கும். செட்டிநாடு நூறு ஆண்டுக்கு முன்பே முதல் வகையை மூன்று ஆண்டுக் கணக்கில் ஒரு சிறு வட்டத்துக்குள் செய்து பார்த்தது. அதே தமிழ்நாடு, அதே மூன்று ஆண்டுக் கணக்கை வைத்து இரண்டாம் வகையையும் செய்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

1. சீட்டில் என்ன இருந்தது

கொண்டுவிக்கப் போவது என்ற சொல் இங்குள்ள பெரியவர்களுக்குத் தெரியும். பர்மா, மலேயா, இலங்கை, சைகோன் என்று தொழிலுக்குப் போவதற்கு நகரத்தார் எனப்படும் செட்டியார்கள் வைத்த பெயர் அது. அந்தக் கடைகளின் முதலாளி பெரும்பாலும் ஊரிலேயே இருந்தார். கடையை நடத்தியவர் மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள். அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். 1930ஆம் ஆண்டு பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழுவின் கணக்குப்படி அந்த நாட்டில் மட்டும் சுமார் 1,650 செட்டியார் கடைகள். அவற்றில் நின்ற முதல் சுமார் 75 கோடி ரூபாய். கடைக்கு இரண்டு மூன்று பேர் என்று வைத்தாலும் சில ஆயிரம் ஆட்கள் வேண்டியிருந்தார்கள். அத்தனை பேரையும் இந்த வறண்ட சீமையின் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களிலிருந்து எடுத்தார்கள்.

முதலாளியின் நிலையிலிருந்து இதை எண்ணிப் பாருங்கள். கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ உட்கார்ந்திருக்கிறார். அவருடைய பணமெல்லாம் ஐராவதி ஆற்றுப் படுகையில், பெகுவிலோ ஹென்சாடாவிலோ ஒரு நெல்விவசாயியின் கையில் கடனாக நிற்கிறது. இடையில் கடல். பவர் பத்திரமும் இரும்புப் பெட்டிச் சாவியும் ஓர் இளைஞரின் மடியில். அந்த இளைஞர் ஏமாற்றவும் கூடாது, சோம்பவும் கூடாது, தொழில் தெரிந்த பிறகு எதிர்க்கடைக்குப் போய்விடவும் கூடாது. இன்று மனிதவள அதிகாரிகள் கூடிப் பேசும் சிக்கல் முழுதும் அந்த ஒரு மடியில் இருந்தது.

அதற்கு அவர்கள் கண்ட வழி சம்பளச் சீட்டு. திருமணத்துக்கே இசைகுடிமானம் எழுதிக் கையெழுத்திடும் சமூகம் அது. வேலைக்கு எழுதாமல் இருக்குமா? பழைய வளவுகளின் பெட்டகங்களில் இன்றும் அந்தச் சீட்டுகள் கிடைக்கின்றன. இன்ன ஊர்க் கடைக்கு இன்னார் இன்ன வேலைக்குப் போகிறார், காலம் மூன்று ஆண்டு, மூன்று ஆண்டுக்கும் சேர்த்துச் சம்பளம் இவ்வளவு என்று எழுதுவார்கள். மாதச் சம்பளம் என்ற பேச்சே அதில் இராது. அந்தத் தொகையில் ஒரு பகுதி கப்பல் ஏறுவதற்கு முன்பே கைக்கு வந்துவிடும். சாப்பாடு, இருப்பிடம், துணி வெளுப்பு, சவரம், வைத்தியம் எல்லாம் கடைச் செலவு. கடை நன்றாக நடந்தால் மேலாளுக்கு லாபத்தில் ஒரு பங்கு தனியாக உண்டு. தவணை முடிந்ததும் அடுத்த மேலாள் வந்து, இருவருமாக உட்கார்ந்து ஐந்தொகை பார்த்து, கணக்கை ஒப்புக்கொடுத்து வாங்கியபின் முன்னவர் ஊருக்குக் கப்பல் ஏறுவார். சில மாதம், சிலருக்கு அதற்கும் மேல், வீட்டில் இருப்பார். பிறகு மறுபடி ஒரு சீட்டு.

இருப்பிடம் என்று சொன்னேன். அது கிட்டங்கி. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் பினாங்கிலும் ஒரே நீளக் கூடத்தில் பல விலாசக்காரர்களின் மரப்பெட்டிகள் வரிசையாக இருக்கும். பகலில் அந்தப் பெட்டிதான் கடை. இரவில் அதன் பக்கத்திலேயே பாய். சமையல் பொது. கூடத்துச் சுவரில் முருகன். இதை வசதி என்று சொல்ல முடியாது. ஆனால் பதினைந்து வயதில் போன பையன், நம்மூர்ச் சாப்பாடும் நம்மூர்ப் பேச்சும் அங்கே இருந்ததால் ஓடி வராமல் இருந்தான்.

2. முன்பணத்தின் இரண்டு முகங்கள்

இந்த அமைப்பின் உயிர், முன்னால் கொடுத்த பணத்தில் இருந்தது. அந்தப் பணத்தைக் கொண்டு ஒருவர் வீட்டுக் கடனைத் தீர்த்தார், இன்னொருவர் தங்கை கல்யாணத்தை முடித்தார். அவசரம் இல்லாதவர் அதைக் கடையிலேயே தம் பெயரில் வரவு வைத்துக்கொண்டார். அதற்கு வட்டி ஏறியது. வேலைக்குப் போன முதல் நாளிலிருந்தே அவர் முதல் உள்ளவர். கூலிக்காரராகப் போகவில்லை, சிறு பணக்காரராகப் போனார்.

முன்பணம் என்ற சொல்லைக் கேட்டதும் இந்த மாவட்டத்தைத் தெரிந்தவர்களுக்கு நெஞ்சு நெருடும். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கரிமூட்டத்திலும் முன்பணம்தான் கொடுக்கிறார்கள். மதுரை, உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளை வடநாட்டு முறுக்குக் கம்பெனிகளுக்குக் கூட்டிப்போனவர்களும் தாய் தகப்பனிடம் முன்பணம் கொடுத்துத்தான் கூட்டிப்போனார்கள். அந்தப் பணம் குடும்பத்தைக் கட்டிப்போட்டது. அதை ஒழிக்கத்தான் 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. ஐம்பது ஆண்டாகியும் மீட்புச் செய்திகள் நின்றபாடில்லை.

ஒரே பெயர், இரண்டு பணம். சூளையில் கொடுக்கும் முன்பணம் வேலை செய்பவரின் பெயரில் பற்று. உழைத்தும் தீராது, சில இடங்களில் வளரவும் செய்யும். மேலாளுக்குக் கொடுத்தது அவர் பெயரில் வரவு. வேலை செய்யச் செய்ய அது பெருகியது. பேரேட்டில் எந்தப் பக்கம் எழுதினார்கள் என்பதில்தான் வேறுபாடு முழுதும் இருக்கிறது. முதலாளிகளாக இங்கே வந்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கடையில் ஒரு பையனுக்குக் கொடுக்கும் அட்வான்ஸ் இன்று எந்தப் பக்கம் எழுதப்படுகிறது என்று ஒருமுறை பாருங்கள்.

3. போக விட்டார்கள்

பெட்டியடிப் பையனாகப் போனவர் எண்சுவடியும் முந்திரி, மாகாணிக் கணக்கும் தெரிந்தே போவார். கடிதம் எழுதவும் பேரேடு போடவும் தண்டல் செய்யவும் அங்கே கற்பார். அடுத்த சீட்டில் அடுத்தாள். அதற்கடுத்த சீட்டில், கெட்டிக்காரர் என்றால், மேலாள். படிகள் எல்லோருக்கும் கண்ணுக்குத் தெரிந்த படிகள். ஒவ்வொரு படிக்கும் ஒரு சீட்டு, ஒரு தொகை.

அதற்கும் மேலே ஒரு படி இருந்தது. இரண்டு மூன்று தவணை மேலாளாக இருந்தவர் தம் சேமிப்போடு அதே கடையில் பங்காளி ஆகலாம். அல்லது தனி விலாசம் போட்டுக் கடை வைக்கலாம். பழைய முதலாளி இதைத் துரோகம் என்று எண்ணவில்லை. ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் கூடி மாதந்தோறும் வட்டி விகிதம் பேசி முடிப்பார்கள். புதுக்கடைக்காரரும் அங்கே வந்து உட்காருவார். கடைக்குக் கடை பணம் கொடுத்து வாங்கும் வழக்கத்தில் பழைய முதலாளியிடமே அவர் பணம் வாங்குவார், கொடுப்பார். நேற்றைய அடுத்தாள் இன்று ஒரு வாடிக்கையாளர்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆள் போய்விடுவான் என்ற பயத்தில்தான் இன்று பாதிச் சலுகைகள் எழுதப்படுகின்றன. தொழில் கற்றுக்கொடுத்தால் போய்விடுவான், அதனால் முழுதும் கற்றுக்கொடுக்காதே. சான்றிதழைப் பூட்டி வை. ஒரு மாதச் சம்பளத்தை நிறுத்தி வை. நகரத்தார் கடைகள் கண்டது இதற்கு நேர் எதிர். ஒருநாள் தானும் கடை வைக்கலாம் என்று தெரிந்த பையன்தான் அந்த மூன்று ஆண்டையும் ஒழுங்காக இருந்து கழித்தான். போகும் வழி திறந்திருந்ததால் இருந்தான்.

இது வெறும் நல்ல மனத்தால் நடந்ததாக நான் சொல்லவில்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு ஒருவர் ஓடினால் அவர் எந்த ஊர், எந்தக் கோயில், எந்த வீடு என்று எல்லோருக்கும் தெரியும். நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்றில் அவர் குடும்பம் ஒரு புள்ளியாகக் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். பெண் கொடுக்க ஆள் இருக்காது. சமூகமே ஜாமீனாக நின்றது. அந்த ஜாமீனின் விலை என்ன என்பதை அடுத்துச் சொல்ல வேண்டும்.

4. சீட்டுக்கு வெளியே நின்றவர்கள்

மேலாளாகும் படி ஒரே சமூகத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் போட்ட படி. அதே கிட்டங்கியில் சமைத்தவர், தண்ணீர் சுமந்தவர், வண்டி ஓட்டியவர் யாரும் எத்தனை தவணை இருந்தாலும் அடுத்தாள் ஆகவில்லை. அந்தத் தொழிலின் மறுகரையில் பர்மிய விவசாயி இருந்தார். 1930களின் மந்தத்தில் நெல் விலை சரிந்தபோது கடனுக்கு ஈடாக நிலங்கள் கைமாறின. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு ஆறாக இருந்த செட்டியார் நிலம், 1930களின் முடிவுக்குள் நூற்றுக்கு இருபத்தைந்தை எட்டியது. 1942இல் நடந்தே திரும்பியவர்களின் கதையையும் 1948இல் வந்த நிலத் தேசியமயச் சட்டத்தையும் இந்த மண்ணில் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு முறையில் நல்லது இருந்தது என்று சொல்லும்போது அந்த முறை யார் தோளில் நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

நகரத்தார் வீட்டுப் பெண்களான ஆச்சிமார் இன்னொரு பக்கம். மேலாள் மனைவியைக் கூட்டிப்போகும் வழக்கம் இல்லை. மூன்று ஆண்டு என்றால் மூன்று ஆண்டு. முப்பது ஆண்டுக்கு முன் ஓர் ஆச்சியிடம் பேசிக்கொண்டிருந்தேன். முகப்புத் திண்ணையில் கொட்டான் பின்னிக்கொண்டே சொன்னார்: "ரங்கூன்லேருந்து மாசம் ஒரு காயிதம் வரும் தம்பி. அதுல வரவு செலவும் இருக்கும், பிள்ளைக்குக் காச்சல் விட்டுச்சாங்கிறதும் இருக்கும். பதில் போய்ச் சேர்றதுக்குள்ள பிள்ளை ஓடியாடித் திரியும்." வீட்டை, நிலத்தை, மாமியாரை, பிள்ளைகளை, ஊர் முறைகளை எல்லாம் அவர் பார்த்துக்கொண்டதால்தான் அந்த மேலாள் அங்கே நிம்மதியாகப் பேரேடு போட்டார். அவர் உழைப்புக்குச் சீட்டில் ஒரு வரி கிடையாது. சிறுவாட்டுப் பணத்தைக் கடையில் போட்டு வட்டி பார்த்த ஆச்சிகள் உண்டு. அது அவர்கள் தாமே கண்டுகொண்ட வழி.

5. அதே மூன்று ஆண்டு, தலைகீழாக

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் ஒரு திட்டம் பரவியது. சுமங்கலித் திட்டம் என்று பெயர். திருமகள் திருமணத் திட்டம் என்றும் சொன்னார்கள். நம் சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர் ஊர்களுக்கும் தரகர்கள் வந்தார்கள். பெண்ணை மூன்று ஆண்டு மில்லுக்கு அனுப்புங்கள், விடுதியும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக முப்பதாயிரம், ஐம்பதாயிரம் தருகிறோம் என்றார்கள். சுவரொட்டியில் தாலி படமாக இருந்தது.

ஏட்டில் படித்தால் இது ஓர் அருமையான பணியாளர் நலத் திட்டம். தங்குமிடம், உணவு, மொத்தத் தொகை, குடும்பத்தின் தேவையை அறிந்து கொடுப்பது, எல்லாம் இருந்தன. சம்பளச் சீட்டில் இருந்தவையும் ஏறக்குறைய இவைதாம். ஒரே ஒரு மாற்றம். தொகை முன்னால் வரவில்லை, பின்னால் நின்றது. நின்றது யாருடைய பணம்? மாதந்தோறும் கொடுக்க வேண்டிய கூலியைக் குறைத்துக் கொடுத்து, மிச்சத்தைச் சேர்த்துத்தான் அந்த மொத்தத் தொகை. அந்தப் பெண்களைப் பயிற்சியாளர் என்று எழுதிவைத்தார்கள். அதனால் நிரந்தரத் தொழிலாளியின் கூலியைக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டரை ஆண்டில் உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பியவர்களில் பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவே இல்லை. விடுதிக் கதவு பூட்டியிருந்தது. வீட்டோடு பேசுவதற்கும் நேரக் கணக்கு. 2011இல் நெதர்லாந்து ஆய்வு நிறுவனமான சோமோவும் அதே நாட்டின் இந்தியா குழுவும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு ஐரோப்பியத் துணிக்கடைகள் கேள்வி கேட்கத் தொடங்கின. அதற்கு முன்பே இங்குள்ள தொண்டு அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் கத்திக்கொண்டுதான் இருந்தன.

இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது. வசதியான சமூகத்து ஆண்பிள்ளையை நம்பி மூன்று ஆண்டுச் சம்பளத்தில் ஒரு பகுதியை முன்னால் கொடுத்தது ஒரு காலம். ஏழை வீட்டுப் பதினாறு வயதுப் பெண்ணின் சொந்தக் கூலியைக்கூட மூன்று ஆண்டு நிறுத்தி வைத்தது இன்னொரு காலம். பின்னது முன்னதற்கு எழுபது எண்பது ஆண்டு பிந்தியது. அரசியல் சட்டமும் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் வருங்கால வைப்புநிதிச் சட்டமும் வந்து வெகுகாலத்துக்குப் பிறகு நடந்தது.

6. கார், பங்கு, கல்யாணம்

இனி இன்றைய நிறுவனங்களுக்கு வருகிறேன். 2022இல் சென்னையின் ஐடியாஸ்2ஐடி நிறுவனம் நூறு பணியாளர்களுக்குக் கார் கொடுத்தது. அதே ஆண்டு கிஸ்ஃப்ளோ நிறுவனம் ஐந்து மூத்தவர்களுக்கு பி.எம்.டபிள்யூ கார் கொடுத்தது. நாளிதழ்கள் கார் வரிசையைப் படம் பிடித்துப் போட்டன. பத்து ஆண்டு உடனிருந்தவருக்கு நன்றி சொல்வது நல்ல செயல், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கார் கழிந்த காலத்துக்குக் கொடுத்த பரிசு. 2024 தொடக்கத்தில் ஐடியாஸ்2ஐடி மறுபடி ஐம்பது கார் கொடுத்தபோது இன்னொன்றையும் அறிவித்தது: நிறுவனத்தின் பங்குகளில் 33 விழுக்காடு பணியாளர்களுக்கு. படத்தில் கார் வந்தது, பங்கு வரவில்லை. என் கணக்கில் பெரிய செய்தி பங்குதான். மேலாளுக்கு லாபத்தில் பங்கு கொடுத்த அந்தப் பழைய எண்ணத்தின் பேரப்பிள்ளை அது.

கோவையின் கோவை.கோ நிறுவனம் 2022இல் ஒரு விதி வைத்தது. மூன்று ஆண்டு முடிப்பவருக்கு ஆண்டுச் சம்பளத்தில் பாதி போனஸ் என்று. 2025 தொடக்கத்தில் 140 பேருக்கு 14.5 கோடி ரூபாய் என்று செய்தி வந்தது. இங்கேயும் மூன்று ஆண்டு, இங்கேயும் மொத்தத் தொகை, அதுவும் முடிவில். சுமங்கலியோடு இதைச் சேர்க்கலாமா என்று மாணவர் ஒருவர் கேட்டார். சேர்க்க முடியாது. நடுவில் வரும் மாதச் சம்பளத்தில் யாரும் கை வைக்கவில்லை. விதி எல்லோர் முன்னும் சொல்லப்பட்டது. இரண்டாம் ஆண்டில் கிளம்புகிறவர் தம் உழைப்பின் கூலியை இழந்து கிளம்பவில்லை. போனஸ் சம்பளத்துக்கு மேலே வைத்தது. சுமங்கலித் தொகை அடியிலிருந்து உருவியது.

மதுரையின் ஸ்ரீ மூகாம்பிகா இன்ஃபோசொல்யூஷன்ஸ் நிறுவனத்தைப் பற்றி 2022இல் நிறையப் பேசினார்கள். சிவகாசியில் 2006இல் தொடங்கி 2010இல் மதுரைக்கு வந்த நிறுவனம். அப்போது சுமார் 750 பேர். வேலை செய்பவர்களுக்கு வரன் பார்த்துக் கொடுக்க ஏற்பாடு இருந்தது, திருமணம் ஆனால் தனி ஊதிய உயர்வு இருந்தது. ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் என்றார்கள். மதுரையில் மென்பொருள் வேலைக்கு ஆள் நிற்பது அரிது என்பதை நினைத்தால் அந்த எண்ணுக்கு மதிப்புண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊதிய உயர்வு என்ற அவர்களுடைய இன்னொரு வழக்கமும் அதற்குக் காரணமாக இருக்கலாம். ஆறு மாத உயர்வை நான் மனமாரப் பாராட்டுகிறேன். கல்யாண உயர்வில் எனக்குத் தயக்கம். திருமணம் வேண்டாம் என்று இருப்பவர், கணவரைப் பிரிந்து வந்தவர், பெற்றோரைப் பார்த்துக்கொள்ள மணத்தைத் தள்ளி வைத்தவர் ஆகியோரும் அதே மேசையில் அதே வேலையைத்தான் செய்கிறார்கள்.

சலுகை சொந்த வாழ்க்கைக்குள் நுழைவது புதிதல்ல. அமெரிக்கக் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு 1914 ஜனவரியில் நாளுக்கு ஐந்து டாலர் கொடுக்கத் தொடங்கியதை எல்லாப் பாடநூலும் புகழும். அதற்கு முந்தைய ஆண்டில் அவருடைய ஆலையில் ஆள் மாற்றம் 370 விழுக்காடு. ஓர் இடத்துக்கு ஆண்டில் ஏறக்குறைய நான்கு பேர் வந்து போனார்கள் என்று பொருள். கூலியை ஏறக்குறைய இரட்டித்ததும் ஆள் நின்றது. ஆனால் அந்தக் கூலியில் பாதி, வீடு சுத்தமாக இருக்கிறதா, குடிக்கிறானா, சேமிக்கிறானா என்று வீடு வீடாகப் பார்க்க ஃபோர்டு அனுப்பிய ஆட்களின் கையெழுத்துக்குக் காத்திருந்தது. சில ஆண்டுகளில் அந்தத் துறையையே மூட வேண்டியதாயிற்று. முதலாளி வீட்டுக்குள் வருவதை எந்த நாட்டுத் தொழிலாளியும் வெகுநாள் பொறுப்பதில்லை.

7. ஊருக்கு வரும் வேலை

ஆள் வேலையைத் தேடிப் போகாமல், வேலையே ஊருக்கு வருவதும் ஒரு சலுகைதான். இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த நகரில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருப்பதற்குக் காரணம் வள்ளல் அழகப்பர் கொடுத்த 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் திறந்தார்கள். தண்ணீர் குறைந்த இந்தச் சீமைக்கு விஞ்ஞானிகள் குடும்பத்தோடு வர வேண்டுமானால் சம்பளம் மட்டும் போதாது, பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும். மழலைப் பள்ளி முதல் பொறியியல் கல்லூரி வரை அழகப்பர் இங்கேயே கட்டினார். அவர் அதைக் கல்விக் கொடையாகச் செய்தார். வேலைக்கு வந்த குடும்பங்களுக்கு அதுவே பெரிய சலுகையாயிற்று.

2011 முதல் தென்காசி மத்தளம்பாறையில் ஸோகோ நிறுவனம் அலுவலகம் நடத்துகிறது. பள்ளி முடித்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துத் தொழில் கற்பித்து வேலையும் கொடுக்கிறது. அம்மா கை சோற்றைத் தின்றுவிட்டு வேலைக்குப் போவது எத்தனை ஆயிரம் ரூபாய்க்குச் சமம் என்று சென்னையில் அறை எடுத்துத் தங்கியவரைக் கேட்டால் சொல்வார். மூன்று ஆண்டு பிரிவையே தொழிலின் விலையாகக் கொடுத்த செட்டிநாட்டுக்கு இது புதுப்பாடம்.

8. பட்டறைக்கும் விடுதிக்கும்

ஆத்தங்குடிப் பட்டறையில் எட்டுப் பேர். இருபது பேருக்குக் குறைந்தால் வைப்புநிதி கட்டாயமில்லை. பத்துப் பேருக்குக் குறைந்தால் ஈ.எஸ்.ஐ.யும் கட்டாயமில்லை. சட்டம் கேட்காத இடத்தில்தான் முதலாளியின் மனம் தெரியும். பட்டறைக்காரரிடம் நேற்று நான் சொன்னது இது. ஆளுக்கு ஒரு போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. கணக்கு தொடங்குங்கள். அவர் பெயரில், புத்தகம் அவர் கையில். மாதம் நீங்கள் ஐந்நூறு போடுங்கள். ஐந்து ஆண்டுக் கணக்கு அது. இரண்டு ஆண்டில் அவர் சிங்கப்பூர் போனாலும் அதுவரை போட்டது அவருடையது, திருப்பிக் கேட்காதீர்கள். நலவாரியத்தில் அவரைப் பதியுங்கள், அலைச்சலை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அச்சு வெட்டுவது, வண்ணம் கலப்பது, விலை போடுவது எல்லாவற்றையும் கற்றுக்கொடுங்கள். அவரே பட்டறை வைத்தால் உங்களுக்கு வரும் பெரிய ஆர்டரில் பாதியை அவரிடம் கொடுக்கலாம்.

பட்டறைக்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு இப்படி யாரும் செய்யலையே சார்" என்றார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

விடுதிக்காரருக்கு வேறு சொன்னேன். சமையலறையில் நிற்கும் பெண்களுக்கு எழுதிக் கொடுங்கள்: சம்பளம் எவ்வளவு, வார விடுப்பு எந்த நாள், இரவு பத்து மணிக்கு மேல் வேலையானால் வீட்டுக்கு வண்டி யார் செலவு, விருந்தினர் விட்டுப்போகும் காசில் யாருக்கு எவ்வளவு என்று. உட்கார நாற்காலி போடுங்கள். கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்பவருக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டமே திருத்தியது. செட்டிநாட்டுச் சமையல் என்று பலகையில் எழுதுகிறீர்களே, அந்தப் பலகையில் சமைப்பவரின் பெயர் எங்கே இருக்கிறது? பெயரை எழுதுங்கள். அந்தப் பெயரைப் பார்த்து வேறு விடுதி கூப்பிடும் என்ற பயம் வேண்டாம். கூப்பிடத்தான் செய்வார்கள். நீங்கள் பெயர் எழுதிய இடம் என்பதால் சமைப்பவர்கள் திரும்பியும் வருவார்கள்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய தூண்களும் பீங்கான்களும் விற்கும் கடைகளில், வீடு பிரித்தவர்கள் தந்த பெட்டிகளோடு பேரேடுகளும் கடிதக் கட்டுகளும் வந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். பெட்டிக்கு விலை உண்டு. காகிதம் எடைக்குப் போகிறது. பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா ஒருவர் பழைய காகிதங்களைத் தேடிச் சேர்த்ததால்தான் இன்று சென்னையில் அவர் பெயரில் ஓர் ஆய்வு நூலகம் நிற்கிறது. உங்கள் வீட்டில் ஐயா காலத்துச் சம்பளச் சீட்டு ஒன்று இருந்தால், அதைக் கொடுக்கக்கூட வேண்டாம், ஒரு படம் எடுக்க விடுங்கள். முதலாளி வீட்டுச் சீட்டுகள் போதிய அளவு பார்த்துவிட்டேன். கிட்டங்கியில் சமைத்தவருக்கு யாராவது ஏதாவது எழுதிக் கொடுத்தார்களா என்றுதான் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒன்று கிடைத்தாலும் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். நாளை மாலை வரை இந்த ஊரில்தான் இருக்கிறேன்.